பணக்கார ஊரின் பள்ளிகளில் ஏன் துண்டு விழுகிறது? சியாட்டில் கணக்கு

2024 மே மாதம் சியாட்டில் பொதுப் பள்ளி நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எழுபதை ஒட்டிய ஆரம்பப் பள்ளிகளில் சுமார் 20 பள்ளிகளை மூட வேண்டியிருக்கும் என்றது. செப்டம்பரில் பெயர்ப் பட்டியல் வந்தது. ஒரு திட்டத்தில் 21 பள்ளிகள், இன்னொன்றில் 17. பெற்றோர்கள் கொதித்தார்கள். அக்டோபரில் அது 4 பள்ளிகளாகச் சுருங்கியது: நார்த் பீச், சக்கஜவியா, சானிஸ்லோ, ஸ்டீவன்ஸ். நவம்பர் கடைசியில் அந்த நான்கும் கைவிடப்பட்டன. கடைசியில் ஒரு பள்ளியும் மூடப்படவில்லை. பற்றாக்குறை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த ஆறு மாதமும் ஊரில் ஒரே கேள்விதான். அமேசான் இருக்கிற ஊர், வீட்டு விலை ஆகாயத்தில், சொத்துவரி ரசீதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அப்படி இருந்தும் பள்ளிக்கூடத்தில் ஏன் பணமில்லை? ஒரு கட்சி "நிர்வாகம் வீணடிக்கிறது" என்றது. இன்னொரு கட்சி "மாநில அரசு தரவேண்டியதைத் தரவில்லை" என்றது. மூன்றாவது கட்சி ஆசிரியர் சங்கத்தைக் கை காட்டியது.

எனக்குத் தொழில் மென்பொருள். கல்வி நிதி என் துறை இல்லை. ஆனால் பட்ஜெட் புத்தகமும் மாநிலச் சட்டமும் பொதுவில் கிடைக்கின்றன. பொறுமை இருந்தால் யாரும் படிக்கலாம். படித்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், பணம் தலைக்கணக்கில் வருகிறது, செலவு வகுப்பறைக் கணக்கிலும் கட்டடக் கணக்கிலும் போகிறது. இந்த இரண்டும் ஒன்றாக ஏறும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தலை குறையும்போதுதான் தெரியும்.

முதலில், பள்ளி மாவட்டம் என்பது என்ன

இங்கே "மாவட்டம்" என்றால் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற மாவட்டம் இல்லை. பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்றே உள்ள தனி உள்ளாட்சி அமைப்பு. சியாட்டில் மேயருக்கும் பள்ளிக்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 7 பேர் கொண்ட பள்ளி வாரியம், அந்த வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர், தனி பட்ஜெட், தனி வரி. வாரிய உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் கூட்டத்துக்கு வந்து, ஆண்டுக்கு 125 கோடி டாலரை ஒட்டிய பட்ஜெட்டை ஓட்டுப் போட்டு நிறைவேற்றுகிறவர்கள் அவர்கள்.

நிதியாண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. மாவட்டம் வரவுக்கு மேல் செலவு எழுதி பட்ஜெட் போட முடியாது. "இந்த வருஷம் துண்டு விழட்டும், பிறகு பார்த்துக்கலாம்" என்பதற்கு வழியில்லை. ஆக, செய்தியில் "9.4 கோடி டாலர் பற்றாக்குறை" என்று வந்தால், அந்தத் தொகையை எங்கிருந்தாவது வெட்டியோ கொண்டுவந்தோ தீர வேண்டும் என்று பொருள்.

மூன்று குழாய், இரண்டு தொட்டி

பணம் மூன்று குழாய்களில் வருகிறது. பெரியது மாநில அரசு தருவது. பாதிக்கு மேல் அதுதான். அடுத்தது உள்ளூர் லெவி, அதாவது ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் சொத்தின் மேல் தாங்களே போட்டுக்கொள்ளும் கூடுதல் வரி. மூன்றாவது மத்திய அரசின் பணம். அது சிறியது, பெரும்பாலும் ஏழைக் குழந்தைகளுக்கும் சிறப்புக் கல்விக்கும் என்று பெயர் எழுதி வருவது.

தொட்டிகள் இரண்டு. ஒன்று நடப்புச் செலவுத் தொட்டி: சம்பளம், பஸ், மின்சாரம், புத்தகம். இன்னொன்று கட்டடத் தொட்டி: புதுப் பள்ளி கட்ட, கூரை மாற்ற, நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி சுவரைப் பலப்படுத்த. கட்டடத்துக்கென்று மக்கள் ஓட்டளித்த பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்கு எடுக்க முடியாது.

"பள்ளியை மூடப் போகிறேன் என்கிறார்கள், அந்தப் பக்கம் கோடிக்கணக்கில் புதுக் கட்டடம் கட்டுகிறார்களே, இது என்ன நியாயம்?" என்று நிறையப் பேர் கேட்டார்கள். பதில் இதுதான். 2025 பிப்ரவரியில் சியாட்டில் மக்கள் இரண்டு லெவிகளுக்கு ஓட்டளித்தார்கள்: கட்டடத்துக்கு 180 கோடி டாலர், நடப்புச் செலவுக்கு 74.7 கோடி டாலர். இரண்டும் ஜெயித்தன. கட்டட லெவி இரண்டு மடங்குக்கும் மேல் பெரிது என்பதைக் கவனியுங்கள். மக்களுக்கு நடப்புச் செலவுக்கு அள்ளிக் கொடுக்க மனமில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நடப்புச் செலவு லெவிக்கு மாநிலச் சட்டம் ஒரு மூடி போட்டிருக்கிறது. அந்த மூடி எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை.

நல்ல தீர்ப்பு, எதிர்பாராத பின்விளைவு

வாஷிங்டன் மாநில அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு, குழந்தைகளின் கல்விக்குத் தாராளமாக வழி செய்வது மாநிலத்தின் தலையாய கடமை என்கிறது. பல மாநிலங்களின் சட்டத்தில் கல்வி பற்றி ஏதோ ஒரு வரி இருக்கும். "தலையாய" என்ற அழுத்தம் அபூர்வம்.

1970களில் சியாட்டிலில் லெவி ஓட்டெடுப்பு தோற்றது. பள்ளிகள் தடுமாறின. மாவட்டம் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டது. 1978ல் மாநில உச்ச நீதிமன்றம், அடிப்படைக் கல்விக்கு நிலையான நிதியை மாநிலமே தர வேண்டும், ஊர் மக்களின் ஓட்டை நம்பி விட்டுவிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில்தான் லெவிக்கு உச்சவரம்பும் வந்தது. காரணம் நியாயமானதே. சியாட்டில் மாதிரி சொத்து மதிப்பு குவிந்த ஊர் சின்ன வரி விகிதத்திலேயே பெரிய தொகை திரட்டிவிடும். யாக்கிமா பள்ளத்தாக்கில் இருக்கிற விவசாய ஊர் அதே தொகைக்குப் பல மடங்கு விகிதம் போட வேண்டும். உச்சவரம்பு இல்லை என்றால் நல்ல ஆசிரியர்களைப் பணக்கார ஊர்கள் இழுத்துக்கொள்ளும்.

பின்னாலும் மாநிலம் முழுசாகக் கொடுக்கவில்லை. 2007ல் மெக்லியரி வழக்கு தொடங்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மாநிலம் தன் கடமையில் தவறிவிட்டது என்றது. சட்டமன்றம் இழுத்தடித்ததால் 2015 ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நீதிமன்றம் சட்டமன்றத்துக்கே தினசரி அபராதம் போடுவது எங்கும் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத காட்சி.

2017ல் சட்டமன்றம் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. மாநிலத்தின் பள்ளிச் சொத்துவரியை உயர்த்தி, உள்ளூர் லெவியைக் குறைத்தது. 2018ல் மாநில வரி, சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 2.70 டாலர் ஆனது. உள்ளூர் லெவிக்குப் புது மூடி: ஆயிரத்துக்கு 1.50 டாலர், அல்லது மாணவர் ஒருவருக்கு 2,500 டாலர், எது குறைவோ அது. 2018 ஜூனில் நீதிமன்றம் திருப்தி தெரிவித்து வழக்கை முடித்தது.

மாநிலம் முழுவதற்கும் பார்த்தால் பள்ளிகளுக்குப் பெரிய தொகை கூடுதலாக வந்தது. இது உண்மை. ஆனால் மூடி இறுக்கமாக இருப்பதைச் சட்டமன்றமே சீக்கிரம் உணர்ந்தது. 2019ல் ஆயிரத்துக்கு 2.50 டாலர் என்று உயர்த்தினார்கள். 40,000க்கு மேல் மாணவர்கள் உள்ள மாவட்டத்துக்கு மட்டும் தலைக்கு 3,000 டாலர் என்றார்கள். அப்படி ஒரு மாவட்டம்தான் மாநிலத்தில் இருக்கிறது. பெயர் எழுதவில்லையே தவிர, அது சியாட்டிலுக்காகவே எழுதின வரி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2019ஐ ஒட்டி சியாட்டில் நகரின் மொத்தச் சொத்து மதிப்பு சுமார் 25,000 கோடி டாலர். ஆயிரத்துக்கு 2.50 என்றால் ஆண்டுக்கு 62.5 கோடி டாலர் திரட்டலாம். தலைக்கு 3,000 என்ற வழியில், 50,000 மாணவர்கள் என்றால் 15 கோடி டாலர். எது குறைவோ அது, ஆகவே 15 கோடி. அந்த 3,000 ஒவ்வோர் ஆண்டும் விலைவாசியோடு ஏறும், ஆனாலும் இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தைப் பாருங்கள். ஊரின் பணக்காரத்தனம் இந்தச் சூத்திரத்துக்குள் நுழையவே முடியாது. வீட்டு விலை இரட்டிப்பானாலும் லெவித் தொகை அதற்காக ஒரு காசு ஏறாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மூடியும் தலைக்கணக்கில்தான் இருக்கிறது. ஒரு மாணவர் போனால் மாநிலப் பணம் குறைகிறது, ஊர் மக்களிடம் வசூலிக்கும் உரிமையும் கூடவே குறைகிறது. ஒரே இடத்தில் இரண்டு குழாயும் அடைபடும்படியான வடிவமைப்பு. எங்கள் தொழிலில் இப்படி ஒன்றை யாராவது வடிவமைத்தால், ஒரு பழுதுக்கு இரண்டும் படுத்துவிடுமே என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுவோம்.

காகிதத்தில் இருக்கும் பள்ளி

மாநிலம் பணத்தை எப்படிக் கணக்கிடுகிறது? சட்டத்தில் ஒரு மாதிரிப் பள்ளி இருக்கிறது. ஆரம்பப் பள்ளி என்றால் 400 மாணவர்கள். அதற்கு எத்தனை ஆசிரியர், எத்தனை அலுவலர், எத்தனை துப்புரவுப் பணியாளர் என்று தசமப் புள்ளியோடு எழுதியிருக்கிறது. உங்களிடம் எத்தனை மாணவர்களோ அந்த விகிதத்தில் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நிரல் எழுதுகிறவனுக்கு இதைப் படிக்க சுவாரசியமாக இருக்கும். நிஜத்தோடு ஒப்பிடும்போது சிரிப்பு நின்றுவிடும். அந்த 400 பேர் பள்ளிக்குப் பல ஆண்டுகள் சட்டம் ஒதுக்கிய நர்ஸ் 0.076. வாரம் 40 மணி நேரம் என்று வைத்தால் இது சுமார் 3 மணி நேரம். மனநல ஆலோசகர் 0.017, அதாவது வாரத்துக்கு 40 நிமிடம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்குவது செவ்வாய்க்கிழமை காலை 9 முதல் 12க்குள் நடந்தால் சரி, இல்லாவிட்டால் மாவட்டம் தன் லெவிப் பணத்தில்தான் நர்ஸை வைத்துக்கொள்ள வேண்டும். 2022ல் சட்டத்தைத் திருத்தி, மூன்று ஆண்டுகளில் படிப்படியாக நர்ஸ் எண்ணை 0.585 ஆக்கினார்கள். பெரிய முன்னேற்றம். ஆனாலும் முழு ஆள் இல்லை.

இதே மாதிரியில் பிரின்சிபால் 1.253, நூலகர் 0.663. உங்கள் பள்ளியில் 250 பேர்தான் என்றால்? பிரின்சிபால் 0.78, நூலகர் 0.41. முக்கால் பிரின்சிபாலை வைத்து எந்தப் பள்ளியும் ஓடாது. ஆக ஒரு முழு பிரின்சிபாலை வைத்துவிட்டு, மிச்சத்தை மாவட்டம் சமாளிக்கிறது. இப்படிச் சின்னப் பள்ளிகள் நிறைய இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒழுகுகிற சொட்டு மொத்தத்தில் பெரிய தொகையாகிவிடும். பள்ளிகளை இணைக்கலாம் என்று நிர்வாகம் சொன்னதற்குப் பின்னால் இருந்த நியாயமான வாதம் இது. பெற்றோர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிள்ளைகள் போனார்கள், வகுப்பறை போகவில்லை

1960களின் தொடக்கத்தில் சியாட்டில் பொதுப் பள்ளிகளில் ஒரு லட்சத்தை ஒட்டிய பிள்ளைகள் படித்தார்கள். பிறகு குடும்பங்கள் புறநகருக்குப் போனதில் எண்ணிக்கை சரிந்தது. 2010களில் தொழில்நுட்ப வேலைகளோடு மறுபடி ஏறி, 2019ல் 53,000ஐத் தாண்டியது. கோவிட் வந்தது. சில ஆண்டுகளிலேயே ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சிலர் வீடு மலிவான ஊருக்குப் போனார்கள், சிலர் தனியார் பள்ளிக்குப் போனார்கள். பிறப்பு விகிதமும் குறைகிறது. சியாட்டிலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏற்கெனவே தனியார் பள்ளியில்தான் இருக்கிறார்கள். அமெரிக்க நகரங்களில் இது அதிகம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 6 வகுப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு, மொத்தம் 288 பேர், பிரிவுக்கு 24. இதில் 24 பேர் போய்விட்டார்கள். ஒரு பிரிவு அளவுக்கான பணம் போச்சு. ஆனால் அந்த 24 பேரும் ஒரே வகுப்பிலிருந்தா போவார்கள்? 12 பிரிவுகளிலிருந்து இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒவ்வொரு அறையிலும் 22 பேர் மிச்சம். எந்த ஆசிரியரை நிறுத்துவீர்கள்? எந்த விளக்கை அணைப்பீர்கள்? வரவு குறைந்தது, செலவு அங்கேயே நிற்கிறது. வேறு வழியில்லை என்றால் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். அக்டோபரில், பிள்ளைகள் டீச்சரோடு பழகின பிறகு, வகுப்பைக் கலைத்து மாற்றி உட்கார வைப்பது சியாட்டில் பெற்றோர்களுக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல்.

இந்த ஓட்டையைச் சில ஆண்டுகள் கோவிட் நிவாரணப் பணம் மறைத்தது. மத்திய அரசு 2020, 2021ல் மூன்று தவணையாகக் கொடுத்தது. கடைசித் தவணைக்கு 2024 செப்டம்பர் கெடு. அந்தப் பணம் தீரும் நேரமும், பள்ளி மூடும் அறிவிப்பு வந்த நேரமும் ஒன்றாக இருந்தது தற்செயல் இல்லை.

சம்பளமும் சிறப்புக் கல்வியும்

சம்பளத்தைப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. 2018ல் மாநிலப் பணம் வந்ததும் மாநிலமெங்கும் ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்டார்கள். சியாட்டிலில் ஓராண்டு ஒப்பந்தத்தில் 10.5 சதவீதம் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாண்டு ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் 7 சதவீதம். மாநிலம் ஓர் ஊழியருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்துத் தருகிறது. சியாட்டில் தருவது அதைவிட அதிகம். வித்தியாசம் மூடி போட்ட அந்த லெவியிலிருந்துதான் வர வேண்டும்.

இதை வைத்து ஆசிரியர்கள்தான் காரணம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. என் துறைக்காரர்கள் வாங்கும் சம்பளம்தான் இந்த ஊரின் வாடகையை ஏற்றியது. அந்த வாடகையில் குடியிருந்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர், கட்டுப்படியாகும் சம்பளம் கேட்பது பேராசை இல்லையே. அதே சமயம், வருங்கால வரவு குறையும் என்று தெரிந்தும் தொடர்ச் செலவை ஏற்றுக் கையெழுத்திட்டது வாரியம். அந்த முடிவுக்குப் பொறுப்பு அவர்களுடையது.

சிறப்புக் கல்வி இன்னொரு பெரிய ஓட்டை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு வேண்டிய சேவையைத் தருவது மத்திய சட்டப்படி கட்டாயம். பணமில்லை என்று மறுக்க முடியாது. ஆனால் மாநிலம் ஒரு மாவட்டத்தின் மாணவர்களில் 13.5 சதவீதம் வரைதான் சிறப்புக் கல்விக்குப் பணம் தருவேன் என்று நீண்ட காலம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அதற்கு மேல் உள்ள பிள்ளைகளின் செலவு மாவட்டத்தின் தலையில். 2023ல் 15, 2024ல் 16 என்று ஏற்றி, 2025ல் ஒருவழியாக அந்த வரம்பையே எடுத்தார்கள்.

மூடினால் எவ்வளவு மிச்சம்?

21 பள்ளிகளை மூடினால் ஆண்டுக்கு 3.15 கோடி டாலர் மிச்சம், 17 என்றால் 2.55 கோடி என்று நிர்வாகமே சொன்னது. வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கு 15 லட்சம் டாலர். நான்கு பள்ளித் திட்டத்தில் மொத்தம் 55 லட்சம். நிரப்ப வேண்டிய பள்ளமோ 2025-26க்கு 9.4 கோடி. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஏன் இவ்வளவு குறைவு? பிள்ளைகள் அடுத்த பள்ளிக்குப் போகும்போது ஆசிரியர்களும் கூடவே போக வேண்டும். மிச்சமாவது பிரின்சிபால், அலுவலகம், நூலகர், துப்புரவு, கொஞ்சம் மின்கட்டணம். நம் உதாரணத்தில் பார்த்த முக்கால் பிரின்சிபால் ஒழுகல் மட்டும்தான் அடைபடும்.

அந்த 15 லட்சம்கூட, எல்லாப் பிள்ளைகளும் சொன்ன பள்ளிக்கு மறுபேச்சில்லாமல் போனால்தான். ஒரு பிள்ளையோடு 15,000 டாலர் வரவு போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய பள்ளியின் குடும்பங்களில் 100 பிள்ளைகள் தனியார் பள்ளிக்கோ பக்கத்து ஊருக்கோ போனால் 15 லட்சம் அங்கேயே கழிந்தது. அவர்களுக்காக ஆகும் செலவும் கொஞ்சம் குறையும் என்பது சரி, ஆனால் இரண்டிரண்டு பேராகப் போகிற கதைதான் அங்கும். வசதி உள்ளவர்கள் போவார்கள். இல்லாதவர்கள் இரண்டு பஸ் மாறி புதுப் பள்ளிக்கு வருவார்கள்.

பழைய அனுபவமும் இருக்கிறது. வியூலேண்ட்ஸ் பள்ளியை 2007ல் மூடினார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை ஏறியதும் 2011ல் திறந்தார்கள். 2023ல் அதே இடத்தில் புதுக் கட்டடமே எழுந்தது. பள்ளியை மூடுவது ஒரு நாள் ஓட்டெடுப்பில் முடியும். திரும்பத் திறக்க வருஷங்களும் பணமும் ஆகும்.

சரி, பள்ளத்தை எப்படி நிரப்பினார்கள்?

பள்ளி மூடலைக் கைவிட்டபின் வழக்கமான வழிகள்தான்: மைய அலுவலகத்தில் ஆள் குறைப்பு, கையிருப்பை எடுப்பது, கட்டடத் தொட்டியிலிருந்து தற்காலிகக் கடன். அந்தக் கடனைத் திருப்பியும் கட்ட வேண்டும். 2025ல் சட்டமன்றம் சிறப்புக் கல்வி வரம்பை எடுத்ததோடு லெவி மூடியையும் கொஞ்சம் தளர்த்தியது. அந்த ஆண்டு மாநிலத்துக்கே பெரிய பற்றாக்குறை இருந்தும் இது நடந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். ஒரு முறை வரும் பணத்தை வைத்து ஒவ்வொரு வருஷமும் வரும் செலவைச் சமாளித்ததால், அடுத்த பட்ஜெட்டிலும் அதே பள்ளம் வந்து நிற்கும்.

என் முடிவு இதுதான். வீண்செலவு இருக்கும், எந்த அமைப்பில் இல்லை? ஆனால் நிர்வாகத்தை நாளைக்கே பரிசுத்தமாக்கினாலும், தலைக்கு இவ்வளவு என்ற விதி இருக்கும் வரை, பிள்ளைகள் மெதுவாகக் குறையும் எந்த ஊரிலும் துண்டு விழும். விதியை மாற்ற வேண்டிய இடம் பள்ளி வாரியத்தின் கூட்ட அறை இல்லை, ஒலிம்பியாவில் இருக்கும் சட்டமன்றம். எண்ணிக்கை குறையும்போது பணத்தை ஒரே ஆண்டில் வெட்டாமல் மூன்று ஆண்டுச் சராசரியில் குறைக்கலாம். சின்னப் பள்ளிக்கும் ஒரு முழு பிரின்சிபால், ஒரு முழு நர்ஸ் என்று அடித்தளம் போடலாம். லெவி மூடியை இன்னும் தளர்த்தும்போதே, திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஏழை மாவட்டங்களுக்குப் போக வைக்கலாம். மூன்றுக்கும் காசு ஆகும். பள்ளத்தில் விழுந்த இந்த ஆண்டுகளில் இந்த மாநிலம் யாருடைய சம்பளத்துக்கும் வருமான வரி போடவில்லை. என் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த முறை மூடும் பட்டியல் வந்தால் (வரும் என்றுதான் நினைக்கிறேன்) வாரியக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். சொல்லும் மிச்சத்தில், எத்தனை பிள்ளைகள் வெளியேறுவார்கள் என்ற கழிவு சேர்ந்திருக்கிறதா? பள்ளத்தில் எத்தனை பங்கு சின்னப் பள்ளியால், எத்தனை பங்கு மாநிலம் தராத சிறப்புக் கல்விச் செலவால், எத்தனை பங்கு சம்பள வித்தியாசத்தால்? பத்து ஆண்டு கழித்து இந்தக் குடியிருப்பில் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யார் கணக்கிட்டார்கள்? 2024ல் பெற்றோர்கள் விடாமல் கேட்டது முதல் கேள்வியைத்தான். அதற்குத் தெளிவான பதில் இருந்திருந்தால், நாலு பள்ளித் திட்டமாவது நின்றிருக்கும்.